பழைய காரின் பெட்ரோல் குழாய்: வீட்டிலேயே மாற்றலாமா?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையோடு பராமரிக்கும் இளைஞர்கள் பலருக்கு இந்தக் கேள்வி உண்டு. மாற்றலாம். ஆனால் எதை வீட்டில் செய்வது, எதைப் பட்டறைக்கு விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோலிடம் காட்டும் அலட்சியம் காரோடு வீட்டையும் சேர்த்து எரித்துவிடும்.

புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரையே எடுத்துக்கொள்வோம். 1990-களின் இறுதியில் வெளிவந்த 1.8 லிட்டர் கார் அது. இன்று அதற்கு ஏறக்குறைய 20 வயதுக்கு மேல் ஆகிறது. டயருக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவு செய்பவர்கள்கூட, அடியில் ஓடும் பெட்ரோல் குழாயை நினைத்துப் பார்ப்பதில்லை.

பின்புற டாங்கியிலிருந்து எஞ்சின் வரை அடித்தளத்தை ஒட்டி இரும்புக் குழாய் செல்கிறது. அதன் இரு முனைகளிலும் ரப்பர் ஹோஸ் இணைக்கப்பட்டிருக்கும். மிஞ்சிய பெட்ரோலை டாங்கிக்குத் திருப்பும் குழாய் தனி. எஞ்சின் சூட்டிலும் நம் நாட்டு வெயிலிலும் ரப்பர் இறுகி, கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் முதலில் வெடிக்கிறது. காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அது எச்சரிக்கை. அந்தக் காரை ஓட்டக்கூடாது.

எந்த ஹோஸ் வாங்குவது?

கார்புரேட்டர் காரில் பெட்ரோலின் அழுத்தம் குறைவு. இஞ்செக்‌ஷன் காரில் அது ஏறக்குறைய 3 பார் வரை இருக்கும். ஆகவே ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். எஸ்ஏஇ 30ஆர்7 என்பது குறைந்த அழுத்தத்திற்கு உரியது. இஞ்செக்‌ஷனுக்கு 30ஆர்9 வேண்டும். டாங்கிக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் ஹோஸுக்கு 30ஆர்10 தேவை. தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், மீன் தொட்டிக் குழாய் எதுவும் இதற்கு ஆகாது. உள்விட்டம் பழைய ஹோஸின் அளவே இருக்க வேண்டும். ரப்பரை அறுக்காத, விளிம்பு மடிந்த இஞ்செக்‌ஷன் கிளிப்பே நல்லது.

வேலைக்கு முன்

எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எனவே பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். அது நன்றாக ஆறியபின் டாங்கி மூடியைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவில் இருக்கும் நெருப்பைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். டெரஸ் வீடுகளில் கார் நிற்கும் இடத்திலிருந்து பூசை விளக்கும் கேஸ் அடுப்பும் சில அடி தூரத்தில்தான் இருக்கின்றன. விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி, சிகரெட் எதுவும் அருகில் எரியக்கூடாது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட வேண்டும். உலர்பொடி தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். கைமீறினால் எல்லோரும் வெளியேறி 999-ஐ அழைக்க வேண்டும்.

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்கவே கூடாது. உறுதியான ஸ்டாண்ட் அவசியம்.

மாற்றும்போது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றினால் குழப்பம் வராது. ஹோஸ், குழாய் முனையின் புடைப்பைத் தாண்டி உட்கார வேண்டும். கிளிப்பை அந்தப் புடைப்புக்குப் பின்னால் பூட்ட வேண்டும். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. பிரிக்பீல்ட்ஸ் சாக்கடை கிள்ளான் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது.

வேலை முடிந்ததும் ஃபியூஸையும் பேட்டரியையும் இணைத்து, சாவியை இரண்டு மூன்று முறை திருப்பினால் பல கார்களில் பம்ப் ஓடி அழுத்தம் ஏறும். சில பழைய கார்களில் ஸ்டார்ட்டர் சுழலும்போதுதான் பம்ப் ஓடும். ஒவ்வோர் இணைப்பையும் டார்ச்சால் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடானபின் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு துளி கசிந்தாலும் வண்டியை எடுக்கக்கூடாது.

இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தாலோ, டாங்கியை இறக்க வேண்டியிருந்தாலோ அது பட்டறை வேலை. துருப்பிடித்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பரால் ஒட்டுப்போடுவது ஆபத்தை மறைத்து வைப்பதாகும். கூலியை மிச்சப்படுத்துவது நல்லதுதான். ஆனால் அந்தக் காரில் பின்னால் உட்காரப்போவது நம் பிள்ளைகள் என்பதை மறந்துவிடக்கூடாது.