ஒரு பல் தவறினால்?

பாம்பன் கடற்பாலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது திறந்து வழிவிட்டது; ரயில் வரும்போது மூடியிருந்தது. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி நேராக மேலே உயர்கிறது. முறை மாறினாலும் விதி ஒன்றே: கப்பலும் ரயிலும் ஒரே இடத்திற்கு ஒரே நேரத்தில் வரக்கூடாது. பாம்பனுக்கு மேற்கே, மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள புதுமடத்தின் தெருக்களில் ஓடும் கார்களின் எஞ்சினுக்குள்ளும் இதே விதி உண்டு. அங்கே ரயில் பிஸ்டன், கப்பல் வால்வு.

1876இல் ஜெர்மானியர் ஆட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் முறையே இன்றும் கார்களில் உள்ளது. உள்ளிழுத்தல், அமுக்கல், எரிந்து விரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு வீச்சுகளை முடிக்க, பிஸ்டனோடு இணைந்த கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுகள் சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்தால் போதும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் காம் ஷாப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது!

இவ்விரு தண்டுகளையும் இணைப்பது எது? படகுகளின் டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் பற்சக்கரங்கள். அம்பாசடர் காரில் சங்கிலி. 1983இல் வந்த மாருதி 800இல் பற்கள் கொண்ட ரப்பர் பட்டை, அதாவது டைமிங் பெல்ட். பெல்ட் இலேசானது, ஓசையற்றது, எண்ணெய் வேண்டாதது. ஆனால் ரப்பருக்கு மூப்பு உண்டு. வெப்பமும் கசியும் எண்ணெயும் அதைக் கெடுக்கும். உறைக்குள் புகும் மணல் பற்களைத் தேய்க்கும். ஆகவே கையேடு கூறும் கிலோமீட்டரோ ஆண்டுகளோ, எது முதலில் வருகிறதோ அப்போது பெல்ட்டை மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போதுதான் குறிகளின் அருமை தெரியும். காம் சக்கரத்தில் ஒரு குறி, கிராங்க் சக்கரத்தில் ஒரு குறி. ஒவ்வொன்றிற்கும் எதிரே எஞ்சின் உடலில் ஒரு குறி. பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் இரு சக்கரங்களையும் குறிக்கு நேராக நிறுத்த வேண்டும். புதியதை மாட்டும் வரை எதையும் தனியாகத் திருப்பக்கூடாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். காம் சக்கரத்தில் 40 இருக்கும். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தால் காம் ஷாப்ட் 9 பாகை விலகும். கிராங்க் கணக்கில் அது 18 பாகை. வால்வுகள் நேரந்தவறித் திறக்கும்; எஞ்சின் இழுவை இழக்கும். பல பற்கள் தவறினால், மேலேறும் பிஸ்டன் மூடாத வால்வில் மோதி அதை வளைத்துவிடலாம். சில பெட்ரோல் எஞ்சின்களில் மோதாத அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். ஆனால் காற்றை மிகுதியாக அமுக்கும் டீசல் எஞ்சினில் அந்த இடைவெளி மிகக் குறைவு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நான்கு வீச்சுகளில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறதே. அது எந்த உச்சி என்று கிராங்க் குறி கூறுமா? கூறாது, கூறவும் தேவையில்லை. இது அமுக்கல், இது வெளியேற்றல் என்று பிஸ்டனுக்குத் தெரியாது. அதை முடிவு செய்வன வால்வுகளே. காம் குறி சரியாக நின்றால் வீச்சும் சரியாகவே அமையும்.

மாட்டி இறுக்கியவுடன் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. கிராங்க் ஷாப்ட்டை ஸ்பேனரால், எஞ்சின் சுழலும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்றுகள் மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டு சுற்றில் காம் ஷாப்ட் பழைய நிலைக்கே வரும் அல்லவா? அப்போது இரு சக்கரக் குறிகளும் மீண்டும் நேர்ப்பட வேண்டும். இடையில் எதிலோ முட்டுவதுபோல் கை உணர்ந்தால் வலிந்து திருப்பாமல் நிறுத்திவிடுக. சில புதிய பெல்ட்டுகளில் வரைந்திருக்கும் கோடுகள் இப்போது விலகி நிற்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெல்ட்டின் ஒரு முழுச் சுற்றும் தண்டின் சுற்றும் வெவ்வேறு. நாம் பார்க்க வேண்டியவை சக்கரக் குறிகளே.

சுழற்சியின் விகிதத்தைப் பற்களின் எண்ணிக்கை தானே காத்துக்கொள்ளும். ஆனால் எந்த நிலையில் தொடங்குவது என்பதைப் பற்கள் அறியா. தவறாகத் தொடங்கினால் அந்தத் தவற்றையும் பெல்ட் பிசகாமல் காத்து நிற்கும். தொடக்கத்தைச் சரியாக அமைப்பது மெக்கானிக்கின் கண்ணும் அந்தச் சிறு குறிகளுமே.