மணச் சடங்குகளும் அவற்றின் பொருளும்

தோட்டத்துக் கோயிலில் ஒரு கல்யாணம் என்றால் லயமே கூடி நிற்கும். ஐயர் சொல்லச் சொல்ல, மணமக்களும் செய்துகொண்டே போவார்கள். “இதெல்லாம் எதற்கம்மா?” என்று பிள்ளைகள் கேட்டால், “பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்கிறோம்” என்பதே பெரும்பாலும் நம் பதில். அந்தப் பதில் போதாது. இன்று அவற்றுள் சிலவற்றின் பொருளைப் பார்ப்போம்.

முதலில் முகூர்த்தக்கால். நுனியில் மாவிலையும் மஞ்சள் துணியில் நவதானியமும் கட்டி அதை ஊன்றுகிறோம். இந்த வீட்டில் திருமணம் நடக்கப்போகிறது என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு அது. ஒளித்து நடத்துவதல்ல திருமணம். அடுத்து முளைப்பாலிகை. மண்சட்டியில் முளைவிடும் தானியம் போல் குடும்பம் தழைக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

தாலிக்கு மூன்று முடிச்சு. பல குடும்பங்களில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார். “உனக்கு நானும் துணை” என்று புகுந்த வீட்டுப் பெண் தரும் வாக்கு அது. நாத்தனார்மார்கள் இதை மறந்துவிடக் கூடாது!

அம்மி மிதிக்கும்போது, மணமகன் குனிந்து மணமகளின் பாதத்தைக் கையால் பிடித்துக் கல்லின்மேல் வைக்கிறான். கல்லைப் போல் உறுதியாக இரு என்பது பொருள். சபை நடுவே மனைவியின் காலைத் தொட்டவன், பின்னாளில் அவள்மேல் கை ஓங்கலாமா? ஆண்கள் சிந்திக்க வேண்டும். சேர்ந்து நடக்கும் ஏழடியில் கடைசி அடி நட்புக்கு உரியது. கணவனும் மனைவியும் நண்பர்கள் என்று சடங்கே சொல்கிறது.

பகலில் அருந்ததி தெரியுமா என்று சிலர் கேலி செய்வார்கள். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கு வானைப் பாருங்கள். அகப்பை வடிவில் ஏழு விண்மீன்கள் இருக்கும். காம்பின் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக மின்னுவது அருந்ததி. இணைபிரியாத வாழ்வுக்கு அது அடையாளம்.

சடங்குகள் என்றும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணம் வருகிறது. அங்கே தீ வளர்த்ததாகச் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். காலத்துக்கேற்ப முறை மாறினாலும், பலர் அறிய நடக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

நம் காலத்தில் இன்னொரு சாட்சியும் அவசியமாகிவிட்டது. அதுதான் பதிவேடு. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு ஒரு துணைதான் என்று அது விதித்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே சட்டம் கருதுகிறது. அதற்குப் பிந்தியவற்றுக்குப் பதிவு வேண்டும்.

“தாலி கட்டியாயிற்று, பதிவைப் பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப் போடாதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் சேர்ப்பதிலிருந்து, கணவன் இறந்தால் சொக்சோ உதவித்தொகை கேட்பது வரை, திருமணச் சான்றிதழ் கேட்கப்படும். அது இல்லாவிட்டால் அலைவது பெண்ணும் பிள்ளைகளுமே.

பத்திரிகை அச்சடிக்கும் முன்பே தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று விசாரியுங்கள். சில கோயில்களில் துணைப் பதிவதிகாரிகளும் இருக்கிறார்கள். பதிவின்போது இரண்டு சாட்சிகள் உடன் இருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் பந்தல், சாப்பாடு, நாதஸ்வரம் என்று பட்டியல் போடும்போது, பதிவை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.