படிப்பு நிறைவும் நண்பர்களின் பிரிவு விருந்தும்

பரிமாற்றப் படிப்புக்கோ குறுகிய காலப் பயிற்சிக்கோ துபாய் வரும் மாணவர்கள், பாடங்கள் நிறைவுற்றதும் நாட்டுக்கொருவராகப் பிரிந்து செல்வர். அதற்கு முன் ஒரு மாலையேனும் ஒன்றாகக் கழிக்க விரும்புவோருக்குப் பர் துபாய் பொருத்தமான இடம், செலவும் குறைவு.

மாலையை அப்ராவில் தொடங்கலாம். பழைய மரப்படகில் க்ரீக்கைக் கடந்து தேராவுக்குச் செல்ல ஒருவருக்கு 1 திர்ஹம். பணத்தைப் படகோட்டியிடம் நேரடியாகத் தர வேண்டும் என்பதால் சில்லறை வைத்திருப்பது நன்று. ஒரு படகில் 20 பேர் வரை அமரலாம். ஒரு சிறு வகுப்பே ஒன்றாகச் செல்ல இயலும். முழுப் படகையும் அமர்த்த விரும்புவோர் ஏறுமுன் கட்டணத்தை உறுதி செய்துகொள்ளவும். திரும்பி வந்ததும் துணிக்கடைத் தெரு வழியே நடந்து, 1787இல் எழுப்பப்பட்ட அல் ஃபஹீதி கோட்டையையும் அருகிலுள்ள காற்றுக் கோபுர வீடுகளையும் காணலாம்.

உணவுக்கு மீனா பஜாரிலும் கராமாவிலும் தமிழ் உணவகங்கள் உள்ளன. ஹலால் மட்டும் உண்போர், இறைச்சி தவிர்ப்போர் யாரென முன்னரே கேட்டறிக. இலைச் சாப்பாட்டில் இச்சிக்கல் இல்லை. ஆனால் இலையில் ரசம் ஓடாமல் உண்ணும் வித்தையை வெளிநாட்டு நண்பர்களுக்கு யாரேனும் கற்றுத்தர வேண்டியிருக்கும்! எல்லோருடைய கையிருப்பும் ஒன்றல்ல. ஆதலால் பங்குத் தொகையை முதலிலேயே கூறிவிடுதல் முறை.

நினைவுப் படங்கள் எடுக்கும்போது அயலார், குறிப்பாகப் பெண்களும் குடும்பத்தினரும், சட்டகத்துள் வராதவாறு கவனிக்கவும். ஒருவரது இசைவின்றிப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டப்படி குற்றமாகலாம். பொதுவிடத்தில் மது அருந்துதல் கூடாது. எஞ்சிய இனிப்பை மெட்ரோ ரயிலில் உண்டாலும் 100 திர்ஹம் அபராதம்.

எல்லாவற்றினும் முதன்மையானது விசா. படிப்பு முடிந்தபின் நண்பர்களுடன் இன்னும் சில நாள் தங்கலாம் என எண்ணி, அனுமதி முடியும் தேதியைத் தவறவிடுவோர் உளர். காலங்கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் சேரும். அத்தேதியைச் சரிபார்த்து, அதற்குள் விமானச் சீட்டைப் பதிவு செய்தபின் விருந்துக்கு நாள் குறிக்கவும்.