2021: நம்மைவிட்டுச் சென்ற ஐவர்



ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில், அந்த ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயர்களைப் போதகர் வாசிப்பார். 2021-இன் பட்டியலில் நம் சபைக் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அப்பாவோ, பெரியம்மாவோ, சித்தப்பாவோ ஊரில் கண்மூட, விமானம் இல்லாமல் நாம் இங்கே கணினித் திரையில் அடக்க ஆராதனையைப் பார்த்தோம். நர்ஸ் வேலையில் இருக்கும் நாங்கள் வார்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். படுக்கையில் இருப்பவர் காதில் விழும்படி மறுமுனையில் பிள்ளைகள் பேசுவார்கள், ஜெபிப்பார்கள். அப்படி விடைபெற்றவர்கள் எத்தனையோ பேர்.

அதே ஆண்டில் உலகம் அறிந்த பலரும் மறைந்தார்கள். அவர்களில் ஐந்து பேரை இங்கே நினைத்துப் பார்ப்போம். எல்லாரும் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு நல்ல வேலையை நல்லபடியாகச் செய்த மனிதரிடம் கற்றுக்கொள்ள நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

டாக்டர் வி. சாந்தா (1927 – ஜனவரி 19, 2021)

சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமன், எஸ். சந்திரசேகர் இருவருமே இவருக்கு நெருங்கிய உறவினர்கள். மருத்துவம் படித்து, மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தவருக்கு, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் அரசு வேலையும் கிடைத்தது. வேண்டாம் என்றார். 1955-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும்தான் மருத்துவர்கள். புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களே சொன்ன காலம். அந்த வளாகத்திலேயே குடியேறிய சாந்தா, 93 வயதில் கண்மூடும்வரை அங்கேயே வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பணம் இல்லை என்ற காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார். மகசேசே விருது 2005-இலும் பத்ம விபூஷண் 2016-இலும் வந்தன.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இவரைப் பற்றிப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. கூடுதல் சம்பளம் எங்கே என்று பார்த்து இடம் மாறுகிறவர்கள்தானே நாம்? அதில் தவறில்லை, ஊரில் குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் 65 ஆண்டுகள் நின்ற ஒருவரும் இருந்தார் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

விவேக் (1961 – ஏப்ரல் 17, 2021)

இவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளும் இவர் நகைச்சுவையைக் கேட்டுத் தமிழ் பழகியிருக்கிறார்கள். மூடநம்பிக்கையையும் லஞ்சத்தையும் கிண்டல் செய்ததால் ‘சின்னக் கலைவாணர்’ என்று பெயர் பெற்றார். அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கோடி மரம் நடப் புறப்பட்டு, 30 லட்சத்துக்கும் மேல் நட்டுவிட்டார். 2015-இல் தன் மகனை இழந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை.

மாரடைப்பால் அவர் விழுந்ததற்கு முந்தைய நாள் கொரோனா தடுப்பூசி போட்டிருந்தார். உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. நம் குடும்பக் குழுக்களிலும் அது சுற்றியது. அதைப் பார்த்து ஊசியைத் தள்ளிப்போட்ட அத்தை மாமாக்கள் நமக்கும் உண்டு. பின்னர் தேசிய அளவிலான மருத்துவக் குழு விசாரித்து, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது. வதந்தி போன வேகத்தில் அந்த அறிவிப்பு போகவில்லை. சரிபாராமல் ஒன்றை அனுப்புவதும் பொய்ச்சாட்சிதான்.

மைக்கேல் காலின்ஸ் (1930 – ஏப்ரல் 28, 2021)

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்தார்கள். அவர்களுடன் போன மூன்றாவது ஆள் காலின்ஸ். அவர் நிலவில் இறங்கவில்லை. தாய்க்கலத்தில் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 48 நிமிடங்கள் நிலவின் மறுபக்கத்தில், பூமியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்தார். அப்போது தனிமையாக உணரவில்லை என்றே பின்னாளில் எழுதினார். அவருக்கு இருந்த பயம் வேறு: கீழே இருக்கும் இருவரும் மேலே வர முடியாமல் போய், தான் மட்டும் வீடு திரும்ப நேருமோ என்பது.

சபையில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நிற்பவர்களை எல்லாருக்கும் தெரியும். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவர், நாற்காலி அடுக்குபவர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வண்டியில் கூட்டி வருபவர் ஆகியோரின் பெயரை யாரும் மேடையில் சொல்வதில்லை. அவர்கள் எல்லாரும் காலின்ஸின் கூட்டம்தான்.

மில்கா சிங் (1929 – ஜூன் 18, 2021)

பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரை இழந்து, அகதியாக டெல்லிக்கு வந்த சிறுவன், ராணுவத்தில் சேர்ந்து ஓடக் கற்றுக்கொண்டான். 1958-இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றான். 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டர் ஓட்டத்தில் நூலிழையில் பதக்கம் போய், நான்காவது இடமே கிடைத்தது. வேகத்தைத் தவறாகக் கணித்தது தன் பிழை என்று அவரே ஒப்புக்கொண்டார். கொரோனா முதலில் அவர் மனைவி நிர்மல் கவுரைக் கொண்டுபோனது. ஐந்து நாள் கழித்து அவரும் போனார்.

பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ (1931 – டிசம்பர் 26, 2021)

தென்னாப்பிரிக்காவின் ஏழைக் கறுப்பினக் குடும்பம். பதின்ம வயதில் காசநோய் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் மருத்துவமனையில் படுத்திருந்தார். டிரெவர் ஹடில்ஸ்டன் என்ற வெள்ளைக்காரக் குருவானவர் தவறாமல் வந்து பார்த்துப்போனார். அந்தச் சந்திப்புகள் அவர் மனதில் கடைசிவரை நின்றன. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, கட்டப் பணம் இல்லை. ஆசிரியரானார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தரம் குறைந்த கல்வியே போதும் என்று அரசு சட்டம் கொண்டுவந்தபோது அந்த வேலையையும் விட்டார். அதன் பிறகுதான் குருத்துவப் பணிக்கு வந்தார். 1984-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 1986-இல் கேப்டவுன் பேராயரானார்.

1985-இல் டுடூசா என்ற ஊரில், காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனை உயிரோடு எரிக்க ஒரு கூட்டம் முயன்றது. அது அவருடைய சொந்த மக்களின் கூட்டம். அவர் உள்ளே புகுந்து அந்த மனிதனைக் காப்பாற்றினார். எதிரியின் அநியாயத்தைக் கண்டிப்பது எளிது. நம் பக்கத்தாரின் அநியாயத்தின் நடுவே போய் நிற்பதற்கு வேறு துணிவு வேண்டும்.

நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு, உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 1996-இல் விசாரணை தொடங்கிய நாட்களிலேயே, வதைபட்ட ஒருவரின் சாட்சியைக் கேட்டு, மேசையில் தலைகவிழ்ந்து அழுதார். அழுதபடியேதான் மன்னிப்பைப் பற்றியும் பேசினார். நடந்ததை மறைத்துவிட்டு மன்னிப்பு இல்லை என்பதே அவர் வழி. நம் வீட்டுச் சண்டைகளுக்கும் சபைப் பிரிவினைகளுக்கும் இது பொருந்தும்.

2022 ஜனவரி 1 அன்று, நாம் புத்தாண்டு ஆராதனையில் இருந்த அதே நாளில், கேப்டவுன் பேராலயத்தில் அவருடைய அடக்க ஆராதனை நடந்தது. அவர் விருப்பப்படியே, கயிற்றுக் கைப்பிடி போட்ட சாதாரண பைன் மரப்பெட்டி.

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு நினைவுப் பட்டியல்தான். பெயர் சொல்லப்படாதவர்களும் அதில் இருக்கிறார்கள்.

வாலிபர் கூட்டத்தில் பேச:

1. பேராயர் டூட்டூவை ஒரு குருவானவர் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார். இந்த மாதம் நாம் போய்ப் பார்க்க வேண்டியவர் யார்?

2. 2021-இல் நம் வீட்டில் மறைந்தவரைப் பற்றிய ஒரு நினைவை அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு எழுதி வாருங்கள். அடக்கத்துக்குப் போக முடியாத பெற்றோர் அதைப் பற்றி இன்னும் பேசாமலே இருக்கலாம். நீங்கள் கேட்டால் பேசுவார்கள்.