அரை கஜம் பின்னால்

பாரிஸ் ஒலிம்பிக்கில் (2024) புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் டிராப் போட்டியில் 125 தட்டுக்கு 118 உடைத்தார். கிடைத்தது 21ஆவது இடம். கோரிப்பாளையம் டீக்கடையில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. "அவ்வளவு அடிச்சுமா சார்?" என்றார் மாஸ்டர்.

தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து வார்த்த தட்டு அது. குறுக்களவு 11 சென்டிமீட்டர். சுடுபவர் குரல் கொடுத்ததும் மைக் வாங்கிக்கொள்ளும். குழியில் இருக்கும் எந்திரம் தட்டை 76 மீட்டர் தூரத்துக்கு வீசும். எந்தப் பக்கம் பாயும் என்பது தெரியாது. ஆனாலும் 25 தட்டில் 10 இடது, 10 வலது, 5 நேர் என்று ஆளுக்கு ஆள் வித்தியாசமில்லாமல் கம்ப்யூட்டர் பங்கு போட்டுவிடும். நிற்கும் தூரமும் எல்லோருக்கும் 15 மீட்டர்தான். கத்துக்குட்டி என்று ஒரு சலுகையும் கிடையாது.

நான் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். மேலூர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெயர் எழுதும் வேலையும் பார்த்திருக்கிறேன். அங்கே அப்படியில்லை: பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் ஓட விடுவார்கள். வண்டி கிளம்பிய பிறகு வரும் சண்டையை விட, கிளம்புமுன் வரும் சண்டைதான் பெரிது. பெரிய மாட்டை ஓட்டிவந்து, "இது நடுமாடுதாண்ணே" என்று சத்தியம் செய்பவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

அமெரிக்கத் தட்டுச் சுடுதலில் இந்தச் சண்டையைத் தூரத்தை வைத்துத் தீர்க்கிறார்கள். 1900 முதல் நடக்கும் கிராண்ட் அமெரிக்கன் ஹேண்டிகேப்பும் இந்த முறையில்தான். சாதாரணப் போட்டிக்கு 16 கஜம். ஹேண்டிகேப்பில் கெட்டிக்காரர் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடைசி எல்லை 27 கஜம். 100க்கு 96 அடித்தாலே அரை கஜம் பின்னால் தள்ளிவிடுவார்கள். யாரும் உட்கார்ந்து விவாதிப்பதில்லை, மதிப்பெண் பதிவானதும் கணக்கு தானே நடக்கும்.

அரை கஜத்தில் என்ன வந்துவிடும்? ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈயக்குண்டுகள். தூரம் கூடக் கூட அவை விரிந்து, நடுவில் சந்து விழும். அந்தச் சந்து வழியே தட்டு முழுசாகத் தப்பிவிடும். குண்டு போய்ச் சேர்வதற்குள் தட்டும் இன்னும் தள்ளிப் போயிருக்கும் என்பதால் அதற்கு முன்னால் பார்த்துச் சுட வேண்டும்.

16 கஜப் போட்டியில் தூரம் மாறாது; சராசரியைப் பார்த்து வகுப்பு பிரிப்பார்கள். திருட்டுத்தனமும் அங்கேதான் நுழைகிறது. கீழ்வகுப்புப் பரிசுக்காக, சின்னப் போட்டிகளில் வேண்டுமென்றே தவறவிடுகிறவர்கள் உண்டு. சராசரியை மட்டும் நம்பினால் கணக்கு ஏமாந்துபோகும். அதனால் ஆளின் பழைய திறமையையும் மனிதர்கள் பார்க்கிறார்கள். சரியான ஏற்பாடு என்பேன். தட்டு உடைந்ததா என்பதையே நடுவர் கண்ணால் பார்த்துத்தானே சொல்கிறார்? ஒரு துண்டாவது தெறித்தது தெரிந்தால்தான் மதிப்பெண்.

நம் ஊரில் தேசியப் போட்டிக்குத் தகுதி மதிப்பெண் என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பவனை யாரோடு சேர்ப்பது? கிளப் அளவிலாவது மூன்று வகுப்பு பிரித்து, மதிப்பெண்களைப் பலகையில் எழுதிப் போடலாம். தோட்டா விற்கிற விலைக்கு, ஜெயிக்க வழியே இல்லாத பந்தயத்துக்கு எவன் திரும்பி வருவான்?

ஒஹையோவில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் போன் போட்டான். "மாமா, என்னை 22 கஜத்துக்குத் தள்ளிட்டாங்க!" என்று ஒரே சந்தோஷம். பரிசு ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லையாம்.