உஷார்! ஹார்ட் டிஸ்க் ‘டக்… டக்…’ என்கிறதா? உடனே கையை எடுங்கள்!

கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாக இழுக்கிறதா? ஒரு போட்டோவைத் திறக்க அரை நிமிஷம் ஆகிறதா? “பழசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கலாம்!

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் வீட்டு முன்னறையில் டி.டி.பி. சென்டர் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், ஸ்கூல் கேள்வித்தாள் என்று வருஷக்கணக்கான வேலை எல்லாம் ஒரே டிஸ்கில். கூடவே மகளின் சின்ன வயசு போட்டோக்களும். சிஸ்டம் அடிக்கடி உறைந்து நின்றது. பக்கத்துக் கடைப் பையன், “செக் டிஸ்க் ஓட விடுங்கக்கா, சரியாயிடும்” என்றான். ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் உள்ளேயிருந்து டக், டக் சத்தம். விண்டோஸுக்கு அந்த டிஸ்க் இருப்பதே தெரியவில்லை. டேட்டா மீட்டுத் தருகிறவர்கள் சொன்ன தொகைக்குப் புது கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். அதற்கும் உத்தரவாதம் கிடையாது.

வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? முந்தின நாள் சாயங்காலம்வரை அத்தனை ஃபைலும் திறந்துகொண்டுதான் இருந்தன. மெதுவாக, ஆனால் திறந்தன.

பையனைத் திட்டிப் பயனில்லை. நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். செக் டிஸ்க் ஃபைல் அமைப்பை ஒழுங்குபடுத்தும். உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. முழுச் சோதனை கொடுத்தால் டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் படிக்கும். சாகக் கிடக்கிற டிஸ்குக்கு அந்த உழைப்பே ஆபத்து. டிஸ்கின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த உயரத்தில் ஹெட் அதன்மேல் மிதக்கிறது. அந்த ஹெட் பழுதானால் தட்டையே சுரண்டிவிடும். சுரண்டிப் போனதை யாராலும் மீட்க முடியாது.

முதலில் காப்பி. ரிப்பேர் எல்லாம் அப்புறம்!

எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும்? புதிதாகக் கேட்கும் டக் டக் சத்தம். காப்பி பாதியில் நிற்பது. ஃபோல்டர் பெயர்கள் கிறுக்கலாக மாறுவது. ஒரு நாள் பூட் ஆகி, மறுநாள் ஆகாமல் போவது. ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் வந்தால் அன்றைக்கே காப்பி எடுங்கள். சிவப்பு வந்தால் அந்த நிமிஷமே. நீலம் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது! எச்சரிக்கையே தராமல் சாகிற டிஸ்க்குகளும் உண்டு. எஸ்.எஸ்.டி. இன்னும் மோசம். அதில் சுற்றுகிற பாகமே கிடையாது, சத்தமும் வராது. நேற்று இருக்கும், இன்று இருக்காது.

ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். ஒரு தூசி போதும்.

புது டிஸ்க் வாங்கும்போதும் ஏமாந்துவிடாதீர்கள். ஆன்லைனில் ‘16 டி.பி.’ என்று அடிமாட்டு விலைக்கு வருவது போலி. உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டாக இருக்கும். கொள்ளளவு பொய்யாகக் காட்டும். நிரம்பிய பிறகு வரும் ஃபைல்கள் உருப்படாமல் போகும். எம்.2 வகை எஸ்.எஸ்.டி. வாங்கினால் உங்கள் கம்ப்யூட்டர் ஏற்பது சாட்டாவா, என்.வி.எம்.இ.யா என்று முதலில் கேளுங்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகலெடுப்பதுதான் க்ளோன். அதை எடுக்கும்போது பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால், காலி டிஸ்க் உங்கள் டிஸ்கின் மேல் ஏறிவிடும். எல்லாம் போச்சு! அளவையும் மாடல் பெயரையும் உரக்கப் படித்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். டிஸ்கில் ஏற்கெனவே பழுது இருந்தால் சாதாரண க்ளோன் மென்பொருள் நடுவில் திணறும். லினக்ஸில் ‘டிடி ரெஸ்க்யூ’ இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் கெட்ட பகுதிகளுக்குத் திரும்பி வரும். கைப்பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதில் வீம்பு வேண்டாம்.

இன்னொன்று. புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா? ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே பார்த்து, பேப்பரில் எழுதி வையுங்கள்.

மாற்றி முடித்ததும் பழைய டிஸ்கை அழித்துவிடாதீர்கள். புதியதில் போட்டோ, கணக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கிறதா என்று பாருங்கள். சில வாரம் போகட்டும். அதற்குப் பிறகும் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போட்டுவிடாதீர்கள்! குயிக் ஃபார்மட் செய்தாலும் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்டும் உள்ளேயேதான் இருக்கும். ஓடுகிற டிஸ்க் என்றால் முழுதாக அழிக்கும் மென்பொருளைப் போடுங்கள். ஓடாததென்றால் தட்டைத் துளைத்துவிட்டுக் கொடுங்கள்.