டயட் சோடா உடலை மெலிய வைக்குமா?



பொத்துவில், கோமாரி, அக்கரைப்பற்று, கல்முனை என்று நீளும் நமது கரையோர வீதியின் கடைகளில் வழமையான சோடாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இன்று 'டயட்', 'ஸீரோ' என்று எழுதிய போத்தல்களும் இருக்கின்றன. மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது, கொஞ்சம் மெலியட்டும் என்று அதை வாங்கிக் கொடுக்கும் உம்மாமார் இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்றெடுத்த பின் "உடம்பு வைத்துவிட்டாய்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்து, பகற்சோற்றை விட்டுவிட்டு அதைக் குடிக்கும் மருமக்களும் இருக்கிறார்கள். நீரிழிவுக்காரரான வாப்பாவுக்கென்று இஃப்தார் விரிப்பில் அதைத் தனியாக எடுத்து வைக்கும் வீடுகளும் உண்டு.

இவர்கள் எல்லோரும் நம்புவது ஒன்றுதான்: இந்தப் போத்தல் உடல் எடையைக் குறைக்கும். அது உண்மையா? உண்மையில்லாத ஒன்றுக்காக நமது சகோதரிகள் காசையும் வேளைச் சோற்றையும் இழக்கலாமா? மார்க்கத்தில் ஹலாலானது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் பயனுள்ளதாகி விடுவதில்லை. எனவே இங்கே நாம் பார்க்கப் போவது அதன் பயனைத்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயட் சோடா எடையைக் குறைப்பதில்லை. சீனிச் சோடாவை விட்டுவிட்டு அந்த இடத்தில் அதைக் குடித்தால், விட்ட சீனி குறைகிறது. பலன் அதனால் வருவது. முன்பு எதையும் விடாமல் புதிதாக அதைச் சேர்த்துக் குடிப்பவருக்கு ஒரு பலனும் இல்லை.

பச்சை அடையாளம் சொல்வது என்ன?

நமது நாட்டில் 2016 ஆகஸ்ட் 1 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. சிவப்பு என்றால் சீனி அதிகம். மஞ்சள் என்றால் நடுத்தரம். பச்சை என்றால் குறைவு. அடுத்த ஆண்டு, 2017 நவம்பரில், அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தமது வரவு செலவுத் திட்டத்தில் இனிப்புப் பானங்களிலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரி அறிவித்தார். அந்த விகிதம் பின்னர் மாற்றப்பட்டது. ஆனாலும் சீனிப் பானம் ஆபத்தானது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிய இவை இரண்டும் உதவின.

டயட் போத்தலில் பச்சை நிறம் இருப்பதைப் பார்த்து "இது உடம்புக்கு நல்லதாம்" என்று பலர் எண்ணிக் கொள்கிறார்கள். அந்த நிறம் சொல்வது சீனியின் அளவை மட்டுமே. மெலிவீர்கள் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

சாதாரண கோலா 330 மில்லிலீட்டர் டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சீனி இருக்கிறது. ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி! அதிலிருந்து கிடைப்பது சுமார் 140 கலோரி. டயட் பானத்தில் சீனிக்குப் பதிலாக இனிப்பூட்டிகளைச் சேர்க்கிறார்கள். அஸ்பார்டேம் சீனியை விட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பானது. சுக்ரலோஸ் 600 மடங்கு. ஆகவே மிகச் சிறிதளவு சேர்த்தாலே போதும். கலோரி ஏறக்குறைய இல்லை.

போத்தலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 950, 951, 954, 955 என்று இலக்கங்கள் இருந்தால் அவை முறையே அசெசல்பேம், அஸ்பார்டேம், சக்கரின், சுக்ரலோஸ் என்பவற்றைக் குறிக்கும். 960 என்பது ஸ்டீவியா. சில பானங்களில் சீனியும் இனிப்பூட்டியும் சேர்ந்தே இருக்கும் என்பதால் முன்பக்க எழுத்தை மட்டும் நம்பாமல் போத்தலைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள்.

ஆய்வுகள் சொல்வது

ஹதீஸ் கலை படிக்கும் மாணவனுக்கு முதலில் கற்பிக்கப்படுவது, செய்தியைக் கேட்டவுடன் ஏற்காதே, அதை அறிவித்தவர் யார் என்று விசாரி என்பதாகும். உணவைப் பற்றிய ஆய்வுகளிலும் அந்த விசாரணை தேவை.

முதலில் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வு. நெதர்லாந்தில் 641 சிறுவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினமும் 250 மில்லிலீட்டர் சீனிப் பானமும், மறு பிரிவுக்கு அதே அளவு சீனியில்லாப் பானமும் 18 மாதங்கள் கொடுத்தார்கள். முடிவு 2012ல் வெளியானது. வளரும் பிள்ளைகள் என்பதால் இரு பிரிவுக்கும் எடை கூடியது. சீனி குடித்தவர்களுக்கு சராசரியாக 7.37 கிலோவும், மற்றவர்களுக்கு 6.35 கிலோவும் கூடின. வித்தியாசம் ஒரு கிலோ. ஒரு கோப்பைச் சீனிப் பானம் செய்யும் வேலை அது!

அடுத்து ஒரு முஸ்லிம் நாட்டுப் பெண்களைப் பற்றியது. ஈரானின் தெஹ்ரான் நகரில், டயட் பானம் குடிக்கும் பழக்கமுள்ள, எடை கூடிய பெண்களை ஓர் எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். ஒரு பிரிவினர் பகலுணவுக்குப் பின் டயட் பானத்தைத் தொடர்ந்தார்கள். மறு பிரிவினர் அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடித்தார்கள். 24 வாரங்களின் பின் தண்ணீர் குடித்தவர்கள் சராசரியாக 8.8 கிலோ குறைந்திருந்தார்கள். டயட் பானம் குடித்தவர்கள் 7.6 கிலோ குறைந்திருந்தார்கள். இது 2015ல் வெளியானது.

அமெரிக்காவில் 303 பேரை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அங்கே டயட் பானம் குடித்தவர்கள் 6.21 கிலோவும், தண்ணீர் குடித்தவர்கள் 2.45 கிலோவும் குறைந்தார்கள். இப்போது அறிவிப்பாளரை விசாரிப்போம். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க மென்பான உற்பத்தியாளர்களின் சங்கம்! அதனால் மட்டும் ஆய்வு பொய்யாகி விடாது. ஆனால் பானத்தை விற்பவரின் பணம் அதில் இருக்கிறது என்பதை மனதில் வைத்தே வாசிக்க வேண்டும்.

சகோதரிகளே, முரண்படும் இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றிருப்பதைக் கவனித்தீர்களா? தெஹ்ரானிலும் அமெரிக்காவிலும் இரு பிரிவினரும் எடை குறைந்தார்கள். ஏன்? அவர்கள் அனைவரும் உணவைக் கட்டுப்படுத்தும் திட்டமொன்றில் இருந்தார்கள். தெஹ்ரான் பெண்களிடம் பானத்தால் வந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு கிலோதான். மற்ற ஏழெட்டுக் கிலோவும் சாப்பாட்டுக் கோப்பையில் செய்த மாற்றத்தால் குறைந்தவை.

உலக சுகாதார ஸ்தாபனம் இப்படியான பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, எடைக் கட்டுப்பாட்டுக்காக இனிப்பூட்டிகளைப் பாவிக்க வேண்டாம் என்று 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. நீண்டகாலத்தில் உடற்கொழுப்பைக் குறைப்பதில் அவற்றால் பலன் தெரியவில்லை என்பதே காரணம். இந்தப் பரிந்துரை ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு உரியதல்ல என்றும் அது தெளிவாகச் சொன்னது.

"டயட் சோடா குடிப்பவர்கள்தான் பருமனாக இருக்கிறார்கள், ஆகவே அதுதான் பருமனாக்குகிறது" என்று சொல்வோரும் உண்டு. இதிலும் நிதானம் வேண்டும். ஏற்கனவே எடை கூடியவர்கள்தான் கவலைப்பட்டு அதை நாடிப் போகிறார்கள். குடை பிடித்தவர்களைப் பார்த்து, குடையால்தான் மழை வந்தது என்று சொல்லலாமா?

புற்றுநோய்ப் பயம்

2023 ஜூலையில் அஸ்பார்டேம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற செய்தி பரவியபோது பலர் பயந்து போனார்கள். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் அதை '2பி' என்ற வகையில் சேர்த்தது உண்மை. குறைந்தளவு சான்றே உள்ளபோது வைக்கும் வகை அது. அதே நேரத்தில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற பழைய அளவை மாற்றாமல் வைத்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த அளவைத் தாண்ட, வேறு உணவுகளில் அஸ்பார்டேம் இல்லையென்றால், தினமும் 9 முதல் 14 டின்களுக்கு மேல் குடிக்க வேண்டும். எப்போதாவது ஒரு டின் குடித்தவர் பீதியடையத் தேவையில்லை. பீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை முற்றாகத் தவிர்க்க வேண்டும். ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொருந்தும்: சீனி இல்லாவிட்டாலும் இப்பானங்களில் அமிலம் உண்டு. அடிக்கடி குடித்தால் பற்களின் மேற்பூச்சு அரிக்கும்.

சீனி நம் வீட்டுக்குள் வரும் வழி

நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் தினமும் சோடா குடிக்கிறார்கள்? பெரும்பாலும் கலியாண வீட்டிலும் பெருநாளிலும்தான். ஆனால் தேத்தண்ணி? காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, இரவில் ஒன்று. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஐந்து கோப்பைக்குப் பத்துத் தேக்கரண்டி. 40 கிராமுக்குக் குறையாத சீனி. ஒரு கோலா டின்னை விட அதிகம்! சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குக் குறைத்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015ல் சொன்ன ஆலோசனை.

இப்படி ஐந்து கோப்பை குடித்துவிட்டு, புரியாணிக்குப் பக்கத்தில் டயட் சோடாவை வைப்பதால் என்ன பலன்? அது போதாதென்று, "சோடாவில்தான் சீனி இல்லையே" என்று வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டு எடுக்கிறோம். மிச்சம் பிடித்த கலோரி அந்த ஒரு துண்டிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

உண்ணவும் பருகவும் நமக்கு அனுமதியளிக்கும் இறைவசனமே வீண்விரயத்தையும் தடுக்கிறது. வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்த நபிவழியில் நீருக்கென்று தனியிடம் இருக்கிறது. தெஹ்ரான் பெண்கள் பகலுணவுக்குப் பின் குடித்ததும் வெறும் தண்ணீர்தான்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஓர் எச்சரிக்கை

வீட்டில் நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ பாவிப்பவர் இருந்தால் இதை மறக்காதீர்கள். நோன்பு நேரத்தில் அவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, தடுமாற்றம் ஏற்பட்டால் இரத்தத்தில் சீனி அபாயமாகக் குறைந்திருக்கலாம். அப்போது டயட் சோடாவைக் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. அதில் சீனியே இல்லையே! நோன்பை உடனே முறித்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது; நோன்பைப் பின்னர் எப்படி ஈடுசெய்வது என்பதை ஆலிமிடம் கேட்டுக் கொள்ளலாம்.

செய்யக்கூடியவை

தினமும் சீனிச் சோடா குடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், டயட் பானத்தை அதிலிருந்து இறங்கும் படியாக வைத்துக் கொள்ளலாம். படியிலேயே குடியிருக்க வேண்டாம். தண்ணீருக்கு இறங்கி வரட்டும். சோடாவே குடிக்காத பிள்ளைக்கு மெலிவதற்கென்று அதைப் பழக்க வேண்டாம். தேத்தண்ணிச் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துப் பாருங்கள்; நாக்கு பழகிவிடும். இஃப்தாரில் பேரீச்சம்பழத்தோடு தண்ணீரை முன்னே வையுங்கள், சர்பத்தைப் பின்னே தள்ளுங்கள். குரும்பை வாங்கினால் சீனி சேர்க்காமல் குடியுங்கள். சோற்றை முற்றாக விடாமல், அளவைக் குறைத்து மரக்கறியையும் மீனையும் கூட்டுங்கள். பஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடக்க வீட்டு ஆண்கள் துணைக்கு வரட்டும்.

மாமிமாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்ற உடம்பைக் கேலி செய்யாதீர்கள். அந்தப் பேச்சுத்தான் பெண்களைப் பட்டினிக்கும் போத்தலுக்கும் துரத்துகிறது. அவளுடைய எடையில் உண்மையான அக்கறை இருந்தால், வீட்டில் எல்லோருடைய தேத்தண்ணியிலும் சீனியைக் குறையுங்கள். அவள் ஒருத்திக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் ஒரு மாதம் கூட நிலைக்காது. வீடே மாறினால் அது பழக்கமாகிவிடும்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை அளவோடும் அறிவோடும் பேணி, ஆரோக்கியத்துடன் அவனை வணங்கும் பாக்கியத்தை நம் எல்லோருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.